சட்டாம்பிள்ளை வேண்டாம்

ஒரகடத்துக்கு அருகே, வடக்குப்பட்டில் ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் அவர் பெண், தன் ஆங்கிலக் கட்டுரை நோட்டை என்னிடம் நீட்டினாள். கார்த் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடித்து, விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் அண்ணனைப் பற்றி எழுதியிருந்தாள். பக்கமெல்லாம் சிவப்பு மை. அடியில், பத்துக்கு மூன்று.

"உங்க டீச்சர் ரொம்பக் கண்டிப்போ?" என்றேன்.

"டீச்சர் போடலை மாமா. நோட்டை மாத்திக்கிட்டுத் திருத்தச் சொன்னாங்க. பக்கத்து பெஞ்சுப் பொண்ணு போட்டது."

சரியாக இருந்த இரண்டு வாக்கியங்களையும் அந்தப் பெண் அடித்திருந்தாள். அண்ணன் பகலில் தூங்குவதற்காக வீடே கிசுகிசுப்பாகப் பேசுகிறது என்று ஒரு வாக்கியம். இலக்கணம் தப்பு, விஷயம் அசல் தங்கம். அதன் மேலும் ஒரு கோடு!

மாணவர்கள் ஒருவர் எழுத்தை ஒருவர் படிப்பதை நான் எதிர்க்கவில்லை. அது நம் சொத்து. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தான். 1789இல் சென்னை ஆண் அநாதைப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியின் உதவி ஆசிரியர் அது நடவாது என்றபோது, ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனிடம் வகுப்பை ஒப்படைத்தார். 1797இல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்று உலகம் அழைத்தது.

அங்கே அது மலிவுச் சரக்காயிற்று. ஜோசப் லங்காஸ்டரும் இதே வழியில், ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நடத்திக் காட்டினார். தோழமை போயிற்று; தப்புக் கண்டுபிடிக்கும் சட்டாம்பிள்ளை மிஞ்சினான். அவன்தான் இன்று சிவப்புப் பேனாவோடு நம் வகுப்புக்குத் திரும்பியிருக்கிறான்.

"இலக்கணம் தெரியாத பிள்ளை என்னத்தைத் திருத்தும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆகவேதான் திருத்தச் சொல்லாதீர்கள் என்கிறேன், படிக்கச் சொல்லுங்கள். இலக்கணம் ஆசிரியரின் வேலை. நாற்பது நோட்டின் சுமையை இறக்கி வைக்கப் பிள்ளையின் தலை ஏற்ற இடமல்ல. ஆனால் 'இந்த இடம் புரியவில்லை', 'இது எனக்குப் பிடித்தது', 'பிறகு அண்ணன் என்ன செய்தார்?' என்று சொல்லத் தோழிக்கு முழுத் தகுதி உண்டு. அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க ஆள் இருந்ததால்தான் நானே எழுத்தாளனானேன்.

சுற்றிலும் தொழிற்சாலைகள். வேலைக்கு விண்ணப்பம் எழுதவும், மேலதிகாரியிடம் குறை சொல்லவும் இந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வேண்டும். சொந்த விஷயத்தைச் சொந்த வாக்கியத்தில் சொல்லும் துணிச்சல் அதற்கு முதல் பாடம்.

"அடுத்த கட்டுரையைக் காட்டம்மா" என்றேன்.

தலைப்பு அதேதான்: என் குடும்பம். கைடிலிருந்து மனப்பாடம் செய்து எழுதியிருந்தாள். ஒரு கோடுகூட இல்லை. பத்துக்கு ஒன்பது.

அதில் அண்ணன் இல்லை.