'உங்களப் பத்தி சொல்லுங்க' – இதுக்கு எத்தனை மார்க்?

ஏ.எல். முடிவு வந்த கையோடு ஒவ்வொரு வருசமும் ஒரு பேச்சு கிளம்பும். இசட் புள்ளிய மட்டும் பார்த்து மெடிசினுக்குப் பிள்ளைகள எடுக்குறாங்க, அதாலதான் வார்டுல மனுசத்தன்மையே இல்ல, வெளிநாடுகள்ல மாதிரி நேர்முகம் வைக்கணும், 'நீ ஏன் டொக்டராகணும்'னு முகத்தப் பார்த்துக் கேக்கணும் என்று. சொல்பவர்கள் பெரும்பாலும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். நாங்கள் இதை எதிர்க்கிறோம். அதற்கான காரணம் எங்களுக்கே சரியாக விளங்கியது அண்மையில்தான்.

ஹந்தானையில் எங்கள் தங்கச்சி ஒருத்தி வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றுக்குப் புலமைப்பரிசிலோடு விண்ணப்பித்திருந்தாள். சூமில் நேர்முகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பராவைத் திறந்து, நாங்கள் நாலு பேர் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தோம். முதல் கேள்வி எல்லாரும் கேட்கும் கேள்விதான்: "உங்களப் பத்தி சொல்லுங்க."

பெயர், அப்பா பெயர், அப்பா என்ன வேலை, கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், எந்த ஸ்கூல். இருபது செக்கனில் முடிந்தது. பிறகு எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்படி இல்ல, கதையா சொல்லணும்" என்றோம். நாங்களும் யூடியூப்பில் பார்த்துப் படித்ததுதான். "அம்மா கால்ல அட்டை கடிச்ச தழும்பு இருக்கே, அதுல இருந்து தொடங்கு. லயத்துல ஒரே காம்பராவுல ஆறு பேர் இருந்து படிச்சத சொல்லு. அவங்களுக்கு அது புடிக்கும்."

அவள் கேட்டாள்: "அத ஏன் அவங்ககிட்ட சொல்லணும்?"

எங்களிடம் பதில் இல்லை. அம்மாவின் காலை விற்றுத்தான் டொக்டராகலாம் என்று ஒரு பிள்ளைக்கு ஓசியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். வெட்கமாக இருந்தது.

அந்த இருபது செக்கன் பதிலையும் யோசித்துப் பார்த்தோம். அது கூச்சம் மட்டும் இல்லை. மலையகத்தில் 'உன்னப் பத்தி சொல்லு' என்று கேட்டவர்கள் யார்? 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் எங்கள் பாட்டன் பூட்டன்மார் விசாரணைக்குப் போனார்கள். 1946 ஜனவரிக்கு முந்திய பத்து வருசம், கலியாணம் கட்டியவர் என்றால் ஏழு வருசம், தொடர்ந்து இந்த நாட்டில்தான் இருந்தோம் என்று எழுத்து வாசனை இல்லாதவர்கள் ஒப்புவிக்க வேண்டியிருந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பித்தார்கள். கிடைத்தது ஒன்றரை இலட்சம் பேருக்கும் குறைவாக. ஒரு சொல் கூடக்குறையச் சொன்னால் வில்லங்கம் என்று அனுபவித்த குடும்பங்களில், பெயர், அப்பா பெயர், எந்த டிவிசன் என்பதோடு வாயை மூடிக்கொள்வதைத்தான் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். சின்ன வயதிலிருந்தே சாப்பாட்டு மேசையில் 'நீ என்ன நினைக்கிற மகள்?' என்று கேட்கப்பட்ட பிள்ளைக்கு இதே கேள்வி தண்ணி பட்ட பாடு. இந்த இரண்டு பேரையும் ஒரே மேசைக்கு முன்னால் உட்கார வைத்து மார்க் போடுவதைத்தான் 'ஆளுமையைப் பார்க்கிறோம்' என்கிறார்கள்.

நேர்முகத்துக்கு மார்க் போட்டால் என்ன நடக்கும் என்று அக்கரையில் பார்த்தாயிற்று. தமிழ்நாட்டில் 1970இல் மருத்துவக் கல்லூரி சேர்க்கைக்கு மொத்தம் 275 மார்க்கில் 75 மார்க் நேர்முகத்துக்கு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, பெரியகருப்பன் வழக்கு என்பார்கள். அவ்வளவு மார்க் நேர்முகத்துக்கு ஒதுக்கியது பார்த்த மாத்திரத்திலேயே அதிகமாகத் தெரிகிறது என்றது நீதிமன்றம். விளையாட்டுக்கு இவ்வளவு, பொது அறிவுக்கு இவ்வளவு என்று தலைப்பு வாரியாகப் பிரிக்காமல் மொத்தமாக மார்க் போட்டதையும் பிழை என்றது. 1984இல் எம்.ஜி.ஆர். அரசு நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தபோதுதான் அந்த நேர்முகம் ஒழிந்தது. (நுழைவுத் தேர்வு கொண்டுவந்த வினை வேறு கதை.) ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி பற்றிய 1981 தீர்ப்பு இன்னும் அப்பட்டம். ஆளுக்கு இரண்டு மூன்று நிமிசம், கேட்டதோ தகப்பன் யார், வீடு எங்கே என்பது போன்ற கேள்விகள். அதற்கு மார்க்! எங்கள் ஊரில் 'தகப்பன் யார், வீடு எங்கே' என்ற கேள்விக்கு என்ன அர்த்தம் என்று வாசிக்கிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வெள்ளைக்காரன் நாட்டில் ஒழுங்காகச் செய்வான் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 1979இல் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹூஸ்டன் மருத்துவக் கல்லூரி 150 பேரை எடுத்து முடித்த பிறகு, இன்னும் 50 பேரை எடுக்கச் சொல்லி மாநிலச் சட்டமன்றம் உத்தரவிட்டது. நல்ல இடத்தில் இருந்தவர்கள் எல்லாம் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது நேர்முகத்துக்குப் பிறகு பட்டியலின் அடியில் தள்ளப்பட்டவர்கள். அவர்களை எடுத்தார்கள். பிறகு இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டு 1987இல் ஆய்வு வெளியிட்டார்கள். படிப்பிலும் சரி, நோயாளிகளோடு வேலை செய்த பயிற்சியிலும் சரி, சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அப்படியென்றால் அந்த நேர்முகம் எதைத்தான் பார்த்தது?

ஒன்றை ஒத்துக்கொள்கிறோம். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் தொடங்கிவைத்த முறை ஒன்று உண்டு. ஒரே நீண்ட நேர்முகத்துக்குப் பதிலாகப் பல சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் வேறு ஒருவர், எல்லாருக்கும் ஒரே கேள்வி, மார்க் போடும் முறையும் முன்கூட்டியே தீர்மானித்தது. பழையதை விட இது எவ்வளவோ பரவாயில்லை. ஆனால் இங்கே நேர்முகம் கேட்பவர்கள் யாரும் இதையா கேட்கிறார்கள்? 'நாலு கேள்வி கேட்டா ஆளத் தெரிஞ்சிடும்' என்பதுதானே பேச்சு.

இசட் புள்ளியைக் கும்பிடுகிறவர்கள் அல்ல நாங்கள். 1970-71இல் மருத்துவத்துக்குப் போகச் சிங்கள மொழி மூலம் 400க்கு 229 போதும், தமிழ் மொழி மூலம் 250 வேண்டும் என்று வைத்த நாடு இது. இன்றைய 40, 55, 5 என்ற கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. 40 வீதம் நாடு தழுவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு, கண்டி இல்லை. ஆகவே ஹந்தானை லயத்துப் பிள்ளை கண்டி டவுனின் பெரிய பெரிய ஸ்கூல் பிள்ளைகளோடு ஒரே கோட்டில் நின்று ஓட வேண்டும். மலையடிவாரத்தில் 1962இல் தொடங்கிய பேராதனை மருத்துவ பீடம் இருக்கிறது. இந்தக் கணக்கால் அது எங்களுக்குத் தூரம்.

ஆனாலும் அந்த அநியாயத்தை எங்களால் எண்ணிக் காட்ட முடிகிறது. வெட்டுப்புள்ளி பேப்பரில் வருகிறது. 229க்கும் 250க்கும் இடையில் 21 என்று ஐம்பது வருசம் கழித்தும் சொல்கிறோம். 'இந்தப் பிள்ளையிட பேச்சுல ஒரு தன்னம்பிக்கை இல்ல' என்று ஒருவர் குறைத்துவிட்ட ஐந்து மார்க்கை எந்தக் கோட்டுக்குக் கொண்டுபோய் எண்ணிக் காட்டுவது? அதுவும் எந்த மொழியில் கேட்பார்கள், எந்த மொழியில் பதில் சொன்னால் தன்னம்பிக்கை தெரியும்?

வார்டில் ஏச்சு வாங்குவது எங்கள் ஆட்கள்தான். அந்தக் கோபம் எங்களுக்கும் உண்டு. ஆனால் உள்ளே போகிற பிள்ளைக்கு வயது இருபது சொச்சம். ஐந்து வருசம் பீடத்தின் கையில் இருக்கிறது. அந்த ஐந்து வருசத்தில் நோயாளியின் மொழியில் பேசக் கற்றுக்கொடுங்கள், ஏசுகிற பெரியவர்களைத் தட்டிக் கேளுங்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு வாசலில் பத்து நிமிசம் கேள்வி கேட்டு நல்ல மனசைப் பொறுக்கி எடுக்கலாம் என்பது சோம்பேறித்தனம்.

இனி, நேர்முகத்துக்குப் போயே ஆகவேண்டிய தம்பி தங்கச்சிமாருக்கு. வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் இருக்கிறீர்கள், கொத்தலாவலைப் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்குக் கடேற்றாகப் போக நினைக்கிறவர்களுக்கும் நேர்முகம் உண்டு. 'சின்ன வயசுல இருந்தே டொக்டராகணும்னு கனவு' என்று தொடங்காதீர்கள். முன்னால் போன அத்தனை பேரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நீங்கள் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். என்ன செய்தீர்கள், எங்கே பிழைத்தது, பிறகு எதை மாற்றினீர்கள். அது சின்னதாக இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. வீட்டுக் கஷ்டம் உங்களுடையது. சொல்ல விரும்பினால் சொல்லுங்கள், அழவைக்கச் சொல்லாதீர்கள். கேள்வி விளங்காவிட்டால் திருப்பிக் கேளுங்கள். யோசிக்க நேரம் எடுங்கள், அமைதியாக இருப்பது குற்றம் இல்லை.

தங்கச்சியிடம் அடுத்த ஞாயிறு கேள்வியை மாற்றிக் கேட்டோம்: "போன கிழமை யாருக்காவது ஏதாவது செஞ்சு குடுத்தியா?"

"ஒண்ணும் இல்லயே" என்றாள். கொஞ்சம் யோசித்து, "கிளினிக் போய் வந்தா ஆச்சிமாரெல்லாம் குளிசைக் கவர எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்குத்தான் வருவாங்க. மேல எழுதியிருக்கிறது அவங்களுக்கு வாசிக்கத் தெரியாது. நான் கவர்ல சூரியன், சந்திரன் கீறி விடுவேன், காலைல இது, ராவைக்கு இதுன்னு. ஒரு ஆச்சிக்கு சந்திரன் வாழைப்பழம் மாதிரி தெரிஞ்சிருக்கு, வாழைப்பழத்தோட சாப்பிடணும்னு நினைச்சிட்டாங்க. அதுக்குப் பிறகு பக்கத்துல நட்சத்திரமும் கீறுறேன்."

இதைச் சொல்ல அவளுக்கு இரண்டு நிமிசம் போனது. இதெல்லாம் சொல்லக்கூடிய விசயமா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நேர்முகத்தில் இதைத்தான் சொன்னாளாம். முடிவு இன்னும் வரவில்லை.