மீக்கடத்தி விவகாரம்: கேள்வி கேட்ட மாணவர்கள்

2023 மார்ச்சில், அமெரிக்காவின் ரொசெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரங்கா டயஸ், 21 டிகிரி செல்சியஸில் மீக்கடத்தியாகும் ஒரு பொருளைக் கண்டுபிடித்ததாக ‘நேச்சர்’ இதழில் அறிவித்தார். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். “எங்கட நாட்டு ஆளுக்கு நோபல் நிச்சயம்” என்று வாட்ஸ்அப்பில் செய்தி பறந்தது. எட்டே மாதத்தில் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்தச் செய்தியை மட்டும் ஒருத்தரும் ஃபார்வர்ட் பண்ணவில்லை.

மின்சாரம் கம்பியில் ஓடும்போது, தடையால் கொஞ்சம் வெப்பமாக வீணாகும். சில பொருள்களைக் கடுமையாகக் குளிரவைத்தால் அந்தத் தடை முற்றாக இல்லாமல் போகும். அதுதான் மீக்கடத்தல். 1911இல் நெதர்லாந்தில் காமர்லிங் ஆன்னஸ் இதைப் பாதரசத்தில், மைனஸ் 269 டிகிரியில் கண்டார். இங்கே டோர்வலில் நாங்கள் புலம்பும் ஜனவரிக் குளிர் அதற்குப் பக்கத்திலும் வராது. ஆஸ்பத்திரி எம்ஆர்ஐ மெஷின்களின் காந்தம் இன்றைக்கும் பெரும்பாலும் திரவ ஹீலியத்தின் குளிரில்தான் வேலை செய்கிறது. இதையே அறை வெப்பநிலையில் செய்ய முடிந்தால், மின்கம்பி முதல் ரயில் வரை மாறும். அதனால்தான் இந்தத் துறையில் ஆசையும் அதிகம், அவசரமும் அதிகம்.

தடை மறைந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. உண்மையான மீக்கடத்தி, காந்தப்புலத்தைத் தன் உள்ளிருந்து வெளியே தள்ளும். 1933இல் தெரியவந்த இந்த மைஸ்னர் விளைவுதான் முக்கியமான சோதனை. இதிலும் ஏமாறலாம். 2023 ஜூலையில் தென்கொரியாவின் எல்கே-99, காந்தத்தின் மேல் பாதி மிதக்கும் வீடியோவை உலகமே பார்த்தது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல இடங்களில் அதைச் செய்து பார்த்தார்கள். மீக்கடத்தல் இல்லை. பாதி மிதக்கச் சாதாரண காந்தத் தன்மையே போதும். மின்தடை திடீரென்று விழுந்ததற்குக் காரணம் அதில் கலந்திருந்த செப்பு சல்பைடு.

டயஸ் விஷயம் இதைவிடச் சிக்கலானது. அவருடைய 2020 கட்டுரையையும் நேச்சர் 2022இல் திரும்பப் பெற்றிருந்தது. பிரச்சினை காந்த அளவீட்டில்தான். பின்னணி சிக்னலைக் கழித்த முறை வழக்கமானதல்ல, கட்டுரையில் அது விளக்கப்படவும் இல்லை. ஐடி ஆட்களுக்குப் புரியும்படி சொன்னால், லாக் ஃபைலைக் காட்டாமல் டாஷ்போர்டை மட்டும் காட்டுகிற கதை. இத்தனைக்குப் பிறகும் அதே இதழ் அடுத்த கட்டுரையைப் போட்டது.

பல்கலைக்கழகம் முதலில் நடத்திய மூன்று விசாரணைகளிலும் தவறு எதுவும் அகப்படவில்லை. ஆய்வகத்தில் தினமும் வேலை செய்த மாணவர்களிடம் அப்போது யாரும் கேட்கவே இல்லை. கடைசியில் 11 ஆசிரியர்களில் 8 பேர், முன்னாள் மாணவர்களும் சேர்ந்து, கட்டுரையைத் திரும்பப் பெறும்படி தாங்களே நேச்சருக்கு எழுதினார்கள். வெளி விஞ்ஞானிகள் நடத்திய விசாரணை, டயஸ் ஆய்வு நெறியை மீறினார் என்று 2024இல் முடிவு சொன்னது. அவர் தவறு செய்யவில்லை என்றே சொல்லிவந்தார். அந்த நவம்பரில் பல்கலைக்கழகத்தைவிட்டு வெளியேறினார்.

பெருமைப்பட வேறு ஆட்கள் இல்லாமலில்லை. 1987இல், செப்பு ஆக்சைடு மீக்கடத்திகள் வந்த புதிதில், அவற்றை விளக்க பிரின்ஸ்டனில் ஆண்டர்சனோடு சேர்ந்து கோட்பாடு எழுதியவர் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரன். இங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போகக்கூடிய ஷெர்ப்ரூக் பல்கலைக்கழகத்தில், லூயி தய்ஃபேர் குழு 2007இல் அதே வகைப் பொருளுக்குள் எலக்ட்ரான்கள் எப்படி நடக்கின்றன என்று அளந்தது. படிகம் வான்கூவரில் வளர்ந்தது, காந்தம் பிரான்சின் துலூஸில் இருந்தது. இப்படிப் பல கைகள் பட்டு, பல கண்கள் பார்த்த வேலைதான் நிற்கும்.

எங்கட பிள்ளைகள் பலர் இன்று மாஸ்டர்ஸ், பிஎச்டி என்று இப்படியான ஆய்வகங்களில் இருக்கிறார்கள். வீசாவும், உதவித்தொகையும், சிபாரிசுக் கடிதமும் ஒரே பேராசிரியரின் கையில். “தரவு சரியில்லை அப்பா” என்று பிள்ளை போன் எடுத்தால், “பேசாமல் முடிச்சிட்டு வா” என்பதுதான் எங்கட வழக்கமான பதில். அந்தப் பதிலை மாற்ற வேண்டும். எட்டுப் பேர் பேசாமல் இருந்திருந்தால் அந்தக் கட்டுரை இன்னும் கொஞ்சக் காலம் ஓடியிருக்கும், அதை நம்பி வேறு எத்தனையோ பிள்ளைகளின் வருஷங்கள் வீணாகியிருக்கும்.