சொந்தமா, வாடகையா?

நமது திருமுருகன்பூண்டிக் கோயிலின் புராணத்தை வாசகர்கள் அறிவார்கள். சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடும் பொருளோடும் சுந்தரர் இவ்வழியே வந்தாராம். சிவனே பூதகணங்களை வேடர் வேஷத்தில் ஏவி அவற்றைக் கொள்ளையடித்தாராம். சுந்தரர் பாடிய பிறகு திருப்பிக் கொடுத்தாராம். இதை நாம் நம்புவதில்லை. ஆனால், இதே முறை இன்று கல்லூரிப் புத்தகசாலைகளில் சினிமாப் படங்கள் விஷயத்தில் மெய்யாகவே நடந்து வருகிறது.

முன்பு ஒரு கல்லூரி டி.வி.டி. தகடு ஒன்றை விலைக்கு வாங்கினால் அது அலமாரியில் இருக்கும். விற்றவன் வந்து திருப்பிக் கேட்க முடியாது. இப்பொழுதோ ‘ஸ்ட்ரீமிங் லைசென்சு’ என்கிறார்கள். படம் கம்பெனியாரிடமே இருக்கும். பணம் கட்டும் வரையில் பார்க்கலாம். கெடு முடிந்தால் ஒன்றுமில்லை. பல படங்களுக்குத் தகடே வெளிவருவதில்லை. நம் பக்கத்துக் கூலி நெசவாளிக்கு இந்த நியாயம் நன்றாகத் தெரியும். நூலும் பிறருடையது, நெய்த துணியும் பிறருடையது.

அமெரிக்காவில் கல்லூரிகளுக்கும் பொதுப் புத்தகசாலைகளுக்கும் படம் அளிப்பது கனோபி என்னும் சேவை. ஜனங்கள் பார்க்கப் பார்க்கச் செலவு ஏறியதால், 2019 ஜூலையில் நியூயார்க் நகரப் பொதுப் புத்தகசாலைகள் அதைக் கைவிட்டன. கட்டிய பணத்திற்கு அலமாரியில் மிஞ்சியது என்ன?

பணத்தைவிட அறிவுக்கு வரும் கேடே பெரிது. 2023 டிசம்பரில் ‘அன்னபூரணி’ என்னும் தமிழ்ப் படம் வெளியாயிற்று. ஸ்ரீரங்கத்துப் பார்ப்பனப் பெண் ஒருத்தி சமையல் தொழிலுக்கு வந்து மாமிசம் சமைக்கிறாள் என்பது கதை. சென்சார் போர்டு அனுமதித்த படந்தான். மதவாதிகள் கூச்சலிட்டதும், கோர்ட்டுத் தீர்ப்புக்குக்கூடக் காத்திராமல், 2024 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸிலிருந்து அது எடுக்கப்பட்டுவிட்டது. ஒரே நாளில், எல்லா வீடுகளிலிருந்தும்!

இதோடு ‘குடி அரசை’ ஒப்பிட்டுப் பாருங்கள். 1933-ல் எழுதிய ஒரு தலையங்கத்திற்காக வெள்ளைக்கார சர்க்கார் பெரியாரையும், பத்திரிகையை வெளியிட்டு வந்த அவரது தங்கை கண்ணம்மாளையும் சிறையிலடைத்தது. ஆனால், ஊர் ஊராகச் சென்றுவிட்ட பிரதிகளை அச்சர்க்காரால் அழிக்க முடிந்ததா? இல்லை. ஆகவேதான் அத்தலையங்கத்தை இன்றும் நாம் படிக்கிறோம்.

தகடும் கெட்டுப்போகாதா, ஓட்டும் கருவி கிடைக்காமற் போகாதா என்று கேட்கலாம். உண்மைதான். முதல் தமிழ்ப் பேசும்படமான 1931-ம் வருஷத்துக் ‘காளிதாஸ்’ இன்று ஒரு பிரதிகூட இல்லை. ஆனால் அதிலிருந்து பெறும் பாடம் என்ன? பல பிரதிகள் பல கைகளில் இருக்க வேண்டும் என்பதல்லவா? எல்லாவற்றையும் ஒரே கம்பெனியின் பூட்டுக்குள் வைப்பது இதற்கு நேர் விரோதமல்லவா?

நாம் ஸ்ட்ரீமிங்கே வேண்டாமென்று சொல்லவில்லை. தூரத்து மாணவனுக்கு அது சௌகரியந்தான். ஆனால் தகடு கிடைக்கும் படத்தைக் கல்லூரிகள் தகடாகவே வாங்க வேண்டும். இருக்கும் தகடுகளைப் பழசென்று எடைக்குப் போடக்கூடாது. தகடில்லாத படங்களுக்கு, புத்தகசாலைகள் நிரந்தரமாக ஒரு பிரதி வைத்துக்கொள்ள சர்க்கார் சட்டம் செய்ய வேண்டும்.

பிள்ளைகளின் சம்பளப் பணத்தில் வாங்கும் அறிவு பிள்ளைகளுக்கே சொந்தமாயிருக்க வேண்டும். பறித்தவனிடமே பாடிக் கெஞ்சி வாங்கிக்கொள்வது பக்தனுக்குச் சரியாயிருக்கலாம், சுயமரியாதைக்காரனுக்கு ஆகாது.