தரிசுன்னு சொல்லாதீங்க சார்!

தமிழ்ல எனக்குச் சுத்தமா பிடிக்காத வார்த்தை எதுன்னு கேட்டா, யோசிக்காம சொல்லுவேன்: தரிசு. மத்த கெட்ட வார்த்தையெல்லாம் ஒரு ஆளைத்தான் திட்டும். இது ஊரோட நிலத்தையே திட்டுது, அதுவும் அரசாங்க முத்திரையோட.

வருவாய்த்துறைக் கணக்குல ரெண்டு வகை உண்டு. "தீர்வை ஏற்பட்ட தரிசு", "தீர்வை ஏற்படாத தரிசு". தீர்வைன்னா நிலவரி. அதாவது நிலத்தைப் பார்த்துக் கேட்ட ஒரே கேள்வி, "இதுல சர்க்காருக்கு எவ்வளவு தேறும்?" என்பதுதான். தேறலையா? தரிசு. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948-ல இந்தியாவோட இணைஞ்சாச்சு. ராஜா போயிட்டார், அந்தக் கணக்குப்பிள்ளை மனசு மட்டும் போகவே இல்லை. இன்னிக்கு செயற்கைக்கோள் படம் வச்சு மத்திய அரசு தயாரிக்கிற தரிசு நில வரைபடத் தொகுப்பிலயும் புதர்க்காடு தரிசுலதான் சேர்த்தி. டெக்னாலஜி மாறிடுச்சு, லாஜிக் அதேதான்.

சரி, அந்தத் "தரிசுல" என்னதான் இருக்கு? அன்னவாசல்ல பஸ்ஸை விட்டு இறங்கி சித்தன்னவாசலுக்கு நடந்து பாருங்க. எல்லாரும் கார்ல சர்ருனு போய் ஓவியத்துக்கு முன்னாடி செல்ஃபி எடுத்துட்டுத் திரும்பிடறாங்க. நடந்தாத்தான் தெரியும். சரளை மண், காலுக்குக் கீழ நறநறன்னு சத்தம். ஆவாரை, சூரை, காரை, இலந்தை. திடீர்னு புதருக்குள்ள இருந்து கவுதாரி படபடன்னு ஓடும். நம்மளப் பார்த்ததும் ஆள்காட்டிக் குருவி ஊரையே கூட்டும். அந்தப் பொட்டல்லயே பெருங்கற்காலத்துக் கல்வட்டங்கள். மலைமேல ஏழடிப்பட்டத்துல ரெண்டாயிரம் வருஷப் பழைய தமிழி எழுத்தும் சமணர் படுக்கையும். கீழ 9-ம் நூற்றாண்டு அறிவர் கோயில். இவ்வளவு காலமா மனுஷன் பொழைச்ச இடத்துக்கு நம்ம வச்ச பேரு "ஒண்ணுமில்லாத நிலம்". என்ன கொடுமை சார் இது!

நான் நடந்தப்ப ஆடு மேய்ச்சிட்டிருந்த ஒரு ஆயா மறிச்சுக் கேட்டாங்க. "என்னய்யா, வழி தவறிட்டியா?"

"இல்ல ஆயா, சும்மா நடந்து போறேன்."

"காட்டுல சும்மா நடக்கறியா? சரிதான்" அப்படின்னு சிரிச்சாங்க. கவனிச்சீங்களா, அவங்க வாயில தரிசுங்கிற வார்த்தையே வரலை. காடுன்னாங்க. ஆட்டுக்குத் தீனி, அடுப்புக்கு விறகு, இலந்தைப்பழம் எல்லாம் கொடுக்கிற இடத்தை அவங்க எப்படித் தரிசுன்னு சொல்லுவாங்க?

இங்கதான் விஷயமே இருக்கு. ஒரு இடத்தை வெறும் நிலம்னு எழுதிட்டா, அதுல எதை வேணும்னாலும் கொட்டலாம். புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974-ல. தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் ஆரம்பிச்சதும் அதே வருஷம். அப்புறம் இந்த மாவட்டத்துல தைலமரம் எப்படிப் பரவுச்சுன்னு ரோட்டோரம் பார்த்தாலே தெரியும். வரிசை வரிசையா, பள்ளிக்கூடப் பிள்ளைங்க ட்ரில்லுக்கு நிக்கிற மாதிரி. "பச்சையா இருக்கேப்பா, நல்லதுதானே?" என்பார்கள். பச்சையா இருக்கறதெல்லாம் காடுன்னா, நம்ம பக்கத்து வீட்டு பெயிண்ட் கூட காடுதான் :-)

புதுக்கோட்டை கண்மாயையும் குளத்தையும் நம்பின ஊரு. அந்தப் பொட்டல்ல பெய்யற மழை சரிவுல வடிஞ்சு, வரத்து வாரி வழியா வந்தாத்தான் கண்மாய் நிறையும். தைலமரத் தோப்புக்குள்ள வரப்பும் குழியும் போட்டு அந்தத் தண்ணியை அங்கயே மறிச்சுட்டா, கீழ இருக்கிற கண்மாய்க்கு என்ன வரும்? இந்த மாவட்டத்து விவசாயிகள் பல வருஷமா கத்திட்டிருக்கிற புகார் இதுதான். சித்தன்னவாசல் விதானத்துல தாமரைக் குளம் வரைஞ்சிருக்கான். மீன், அன்னம், யானைன்னு குளமே நிறைஞ்சு இருக்கும். கடைசியில ஓவியத்துல மட்டும்தான் தண்ணி இருக்கும் போல.

அடுத்து நம்ம ஜாதி, அதாவது பொட்டி தட்டுற ஜாதி. சனிக்கிழமை ஆனா டீ-ஷர்ட் மாட்டிக்கிட்டு, பஸ் பிடிச்சு, பொட்டல்ல மரக்கன்று நடக் கிளம்பிடறோம். நல்ல மனசுதான், மறுக்கலை. ஆனா பழைய ப்ராஜக்ட்ல புதுசா சேர்ந்தவன், ஒரு ஃபங்ஷன் எதுக்கு இருக்குன்னே தெரியாம "தேவையில்லை"ன்னு டிலீட் பண்ணா நாம என்ன பண்ணுவோம்? ஓட ஓட விரட்ட மாட்டோம்? புல்லும் முள்ளும் இருக்கணும்னே இருக்கிற நிலத்துல குழி தோண்டறதும் அதே வேலைதான். சீமைக்கருவேலத்தைப் பிடுங்கணுமா, தாராளமா பிடுங்குங்க. ஆவாரையையும் சேர்த்துப் பிடுங்காதீங்க.

"அப்போ ஊரு முன்னேற வேண்டாமா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. முன்னேறட்டும். ஆனா என்ன இருக்குன்னு பார்த்து, ஊரைக் கேட்டு முடிவு பண்ணுங்க. மதுரைப் பக்கம் அரிட்டாபட்டியில என்ன நடந்துச்சு? 2022-ல அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்னு மாநில அரசு அறிவிச்சது. 2024-ல அந்தப் பகுதியும் சேர்ந்த டங்ஸ்டன் சுரங்க ஏலம். ஊரே திரண்டு ரோட்டுக்கு வந்த பிறகு 2025 ஜனவரியில ஏலம் ரத்து. அந்த மலைக்கு ஒரு பேரும், அதுக்காக நிக்க ஒரு ஊரும் இருந்துச்சு. பேரே "தரிசு"ன்னு இருக்கிற நிலத்துக்காக யாரு ரோட்டுக்கு வருவா?

இங்கிலாந்துல ஹீத்னு சொல்ற புதர்ப் பொட்டல் இருக்கு. அதையும் ஒரு காலத்துல வேஸ்ட்னுதான் சொன்னாங்க. 2000-ல சட்டமே போட்டு, வரைபடத்துல குறிச்ச ஹீத்துகள்ல யாரு வேணும்னாலும் நடந்து போகலாம்னு உரிமை கொடுத்துட்டாங்க. நம்ம ஊருல அதுக்கு முள்வேலியும் தைலமரமும்.

நான் கேட்கிறது மூணே விஷயம். கணக்குல அந்த வார்த்தையை மாத்துங்க. கண்மாய்க்குத் தண்ணி வர்ற சரிவுல இருக்கிற தைலமரத்தை அடுத்த வெட்டோட நிறுத்துங்க. ஆடு போற ஒத்தையடிப் பாதைகளை அடைக்காம விடுங்க. இதுக்குப் பெரிய பட்ஜெட்டெல்லாம் வேண்டாம் சாமி. ஒரு தடவை கார்ல இருந்து இறங்கி நடந்தா போதும்.