தெரியாது என்று சொன்னால் என்ன?

திருப்பரங்குன்றத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கல்யாணம் ஆகவேண்டும். முருகப் பெருமான் தெய்வயானையைக் கைப்பிடித்த தலம் அல்லவா? மீதிப் பேருக்கு வேலை கிடைக்கவேண்டும். 1957-ல் கருமுத்து தியாகராஜன் செட்டியார் தொடங்கிய என்ஜினீயரிங் காலேஜ் இந்த ஊரில்தானே இருக்கிறது!

பக்கத்து வீட்டுப் பையன் அங்கே கடைசி வருஷம். அப்பா ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவர். பாங்கில் படிப்புக் கடன் வேறு வட்டியோடு வளர்ந்துகொண்டிருக்கிறது. பெரிய கம்பெனி ஒன்றில் ஸாப்ட்வேர் என்ஜினீயர் வேலைக்குப் பேட்டி என்று போனவன், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினான்.

"என்னப்பா கேட்டார்கள்?" என்றேன்.

"அகர வரிசையில் 10 லட்சம் பெயர், தாத்தா. அதில் ஒரு பெயரைச் சீக்கிரமாகக் கண்டுபிடிக்கணும்."

"அகராதி பார்க்கிற மாதிரி நடுவிலே பிரிக்க வேண்டியதுதானே?"

"அதேதான். ஒவ்வொரு தடவையும் பாதியைத் தள்ளிக்கொண்டே போனால் 20 தடவைக்குள் அகப்பட்டுவிடும். எழுதிக் காட்டினேன். 'சரி, பைண்டு பண்ணுகிறவன் பின்பகுதியை முன்னால் வைத்துத் தைத்துவிட்டான். இப்போது?' என்றார். கால் மணி நேரம் வாயே திறக்கவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது."

அவனுக்கு ஒரு கதை சொன்னேன். கதையல்ல, நிஜம். 1972-ல் நம் மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை, கூகுள் கம்பெனிக்குப் பேட்டிக்குப் போனது 2004 ஏப்ரல் 1-ந் தேதி. அன்றுதான் ஜிமெயிலை அறிவித்திருந்தார்கள். அதைப்பற்றி அபிப்பிராயம் கேட்டார்கள். முட்டாள்கள் தினமாயிற்றே, வேடிக்கையோ என்று அவருக்குச் சந்தேகம்! நாலாவதாகப் பேட்டி கண்டவர், "பார்த்திருக்கிறீர்களா?" என்றார். "இல்லை" என்றார் இவர். உடனே அவர் காட்டினார். ஐந்தாவது ஆசாமி கேட்டபோது சொல்வதற்கு விஷயம் இருந்தது. 2015-ல் அவரே அந்தக் கம்பெனியின் தலைமை நிர்வாகி!

"பேட்டி காண்கிறவர் பரீட்சை பேப்பர் திருத்துகிறவர் அல்லடா. நாளைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகிறவர். நீ யோசிப்பது அவர் காதில் விழவேண்டும். வேலையிலும் அப்படித்தானே? ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகுதான் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய்."

போன வாரம் வேறொரு கம்பெனியில் பேட்டி. சாயங்காலம் பையன் சிரித்துக்கொண்டே வந்தான். கிட்டத்தட்ட அதே கேள்வியாம்!

"இந்த இடத்துக்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன், தாத்தா. 'நடுவில் பிரித்தால் இரண்டு பக்கமும் குழம்பியா இருக்கும்?' என்றார். பளிச்சென்று புரிந்துவிட்டது. ஒரு பக்கமாவது ஒழுங்காகத்தான் இருக்கும். தேடும் பெயர் அதற்குள் வருமா என்று பார்த்து, வராவிட்டால் மறு பக்கம் போகவேண்டியதுதான்!"

அவன் தாயார் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பாவிப் பயலே, தெரியாதுன்னா சொன்னே?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

முடிவு அடுத்த வாரம் தெரியும். அதுவரை பையன் நன்றாகத் தூங்குகிறான். அந்த அம்மாள்தான் தூங்கவில்லை. தினம் விடியற்காலையில் சந்நிதிக்குப் போய் வருகிறாள்.