கத்தாத சீவனைத் தோளில் ஏற்றுவது

தோளில் ஒரு தாடி ஓணானை ஏற்றிக்கொண்டு கடற்கரையிலும் கடைத்தொகுதியிலும் நடக்கிற வீடியோக்களுக்கு இனி நாங்கள் லைக் போடப்போவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. வாசித்து முடித்தபிறகும் நீங்கள் போடுவதென்றால் போடுங்கள். ஆனால் அந்த வீடியோவில் அந்தச் சீவன் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதையாவது தெரிந்துகொண்டு போடுங்கள்.

ஆங்கிலத்தில் பியர்டட் டிராகன் என்கிறார்கள். டிராகனும் இல்லை ஒண்டும் இல்லை, எங்கட வேலி ஓணானுக்குச் சொந்தம்தான். இரண்டும் அகாமிடே என்ற ஒரே குடும்பம். சொந்த இடம் அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலம். வாலோடு சேர்த்து 45 முதல் 60 சென்ரிமீற்றர் வரை வளரும். ஒழுங்காகப் பார்த்தால் பத்து வருசம் இருக்கும். கழுத்தடியில் முள்ளு முள்ளாய் இருக்கிற தோல் சில வேளைகளில் உப்பிக் கறுக்கும். அதுதான் தாடி. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கட மச்சான்மார், மச்சாள்மார் சிலரின் அறைகளிலும் இப்போது இது இருக்கிறது. இங்கே இருக்கிறவர்களும் ரீல் பார்த்துவிட்டு "இது இஞ்ச வாங்கலாமோ?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

வெளியே கொண்டுபோகவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. மாறாக, வீட்டுக்குள் வளர்க்கப்படுகிற பிராணிகளில் இதைப்போல வெயில் தேவைப்படுகிறவை குறைவு. சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிரில் ஒரு பகுதி யூவீபி. அது தோலில் பட்டால்தான் இதன் உடம்பில் விற்றமின் டி3 உருவாகும். டி3 இருந்தால்தான் தின்கிற கல்சியம் எலும்புக்குப் போய்ச்சேரும். அது கிடைக்காவிட்டால் எலும்பு கரையத் தொடங்கும்: தாடை மெதுமெதுவென்றாகும், கால் வளையும், விரல்கள் நடுங்கும், கடைசியில் ஏறி இறங்கும்போதே எலும்பு முறியும். கூண்டில் வளர்கிற ஓணான்களுக்கு வருகிற பொதுவான நோய்களில் இது ஒன்று. நோய் என்று சொன்னாலும் பெரும்பாலும் வளர்க்கிறவரின் கவனக்குறைவுதான்.

யன்னலோரம் வைத்தால் வெயில் படும்தானே என்பார்கள். படாது. சாதாரண யன்னல் கண்ணாடி யூவீபியைத் தடுத்துவிடும்; உள்ளே வருவது வெளிச்சமும் சூடும் மட்டும். அதுக்கென்று விற்கிற மின்குமிழ் போட்டிருக்கிறோமே என்றால், அந்தக் குமிழ்களில் பல ஆறு மாதத்துக்கும் ஒரு வருசத்துக்கும் இடையில் யூவீபியை இழந்துவிடுகின்றன. வெளிச்சம் மட்டும் முன்பு போலவே எரியும். பார்க்கிறவருக்கு எல்லாம் சரி, உள்ளே இருக்கிறதுக்கு ஒன்றும் இல்லை.

ஆகவே வெளியே கொண்டுபோவது நல்லது. எங்கள் சண்டை, யாருக்காகக் கொண்டுபோகிறோம் என்பதில்தான்.

அதுக்காகக் கொண்டுபோகிறவர் செய்வது பார்க்க அலுப்பாக இருக்கும். காலை வெயிலில் இருபது, முப்பது நிமிசம். கம்பி வலை அடித்த கூடு, பாதி வெயில், பாதி நிழல். கண்ணாடித் தொட்டியோடு தூக்கிப்போய் வெயிலில் வைக்கமாட்டார், ஏனென்றால் பூட்டின காரைப்போல அது கொஞ்ச நேரத்திலேயே அடுப்பாகிவிடும். ஓணானுக்கு வியர்க்காது. சூடு கூடினால் நிழலுக்கு ஓடவேண்டும், ஓட நிழல் இல்லையென்றால் செத்துப்போகும். புல்லில் விடுவதென்றால் அங்கே பூச்சிமருந்து அடிக்கவில்லை என்று உறுதிசெய்வார். கண்ட பூச்சியையும் தின்ன விடமாட்டார். அமெரிக்காவில் ஒரேயொரு மின்மினியைத் தின்று செத்த தாடி ஓணான்கள் உண்டு. மேலே காகமும் பருந்தும், கீழே பூனையும் நாயும் இருக்கின்றன என்பது ஞாபகத்தில் இருக்கும். அறைக்குள் மண்பொம்மை மாதிரி இருந்தது வெயிலில் உடம்பு சூடானதும் பாய்ந்து ஓடும் என்பதும் தெரியும். அதனால் மார்புப் பட்டி கட்டியிருப்பார், கண்ணையும் எடுக்கமாட்டார். திரும்பி வந்து சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவார். இந்தப் பிராணிகள் நோயே இல்லாமல் சல்மொனெல்லாக் கிருமியைக் காவக்கூடியவை. அமெரிக்காவில் 2012க்கும் 2014க்கும் இடையில் இவற்றின் மூலம் தொற்றி நூற்றுக்கும் அதிகமானோர் நோயாளிகளானார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் கையில் கொடுக்கவேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

இந்த அரை மணித்தியாலத்தில் ரீல் எடுக்க ஒன்றும் இல்லை. ஓணான் வெயில் காய்கிறது, பக்கத்தில் ஒருத்தர் குந்தியிருக்கிறார். அவ்வளவுதான்.

தனக்காகக் கொண்டுபோகிறவர் இதில் எதையும் செய்வதில்லை. சனம் உள்ள இடமாகப் பார்ப்பார். இசை உரத்துப் போகும், ஆட்கள் தொடுவார்கள், பிள்ளைகள் வாலைப் பிடிப்பார்கள். குளிரூட்டிய கடைக்குள் வெளியிலிருந்து சூடு எடுத்தே வாழ்கிற ஒரு பிராணியைக் கொண்டுபோய்த் தோளில் வைத்துக்கொண்டு, "பாருங்கோ எவ்வளவு அமைதி" என்பார். குளிரில் அதனால் அசையமுடியவில்லை என்பதுதான் அந்த அமைதி.

இன்னும் நாலு காட்சிகள். அது முன்கையைத் தூக்கி மெல்லச் சுழற்றுகிறது, "ஹாய் சொல்லுது" என்று தலைப்பு. அந்த இனத்தில் அது பணிந்துபோகிற சைகை: நீ பெரியவன், என்னை ஒன்றும் செய்யாதே. தாடி கறுத்து உப்புகிறது, "கெத்து" என்று தலைப்பு. இணை தேடும்போதும் கறுக்கும் என்பது உண்மைதான், ஆனால் சனக் கூட்டத்துக்கு நடுவில் இணை எங்கே இருக்கிறது? வாயைத் திறந்தபடி இருக்கிறது, "சிரிக்குது" என்று தலைப்பு. உடம்புச் சூடு கூடிவிட்டது, வாயால் தணிக்கப் பார்க்கிறது. ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்திருக்கின்றன, "லவ்" என்று தலைப்பு, இதயம் வேறு. மேலே இருப்பது வெயிலையும் வெளிச்சத்தையும் பிடித்துக்கொண்டு கீழே இருப்பதை அமுக்கிவைத்திருக்கிறது. தாடி ஓணான் தனியாக வாழ்கிற பிராணி, ஒரு தொட்டிக்குள் இரண்டைப் போட்டால் மெலிந்துபோகிறது எப்போதும் கீழே இருக்கிறதுதான்.

நாய் என்றால் குரைக்கும். பூனை என்றால் பிறாண்டிவிட்டுப் போகும். இதுக்குக் கத்தத் தெரியாது. கத்தாததை எல்லாம் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிற பழக்கம் எங்கட சமூகத்தில் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று நாங்கள் இந்தப் பக்கத்தில் வேறு விசயங்களிலும் எழுதியிருக்கிறோம். வாயில்லாச் சீவன் என்று சொல்லிவிட்டு, வாய் இல்லாததையே வசதியாக்கிக்கொள்கிறோம்.

இரண்டாவது பொய், "தொடக்கக்காரருக்கு ஏற்ற பிராணி, பராமரிப்புக் குறைவு" என்பது. விற்கிறவர் சொல்கிற கதை இது. மற்ற ஊர்வனவோடு ஒப்பிட்டால் சாதுவானது என்பதை ஏற்றுக்கொள்கிறோம், கையில் எடுத்தால் பெரும்பாலும் கடிக்காது. ஆனால் சாதுவாக இருப்பதும் சுலபமாக இருப்பதும் ஒன்றில்லை. தொட்டியின் ஒரு பக்கம் 40 பாகை செல்சியஸ் அளவில் சூடான இடம் வேண்டும், மற்றப் பக்கம் 25 பாகை அளவில் குளிர்ச்சி வேண்டும், இடையில் தானே நடந்து தன் சூட்டைச் சரிசெய்ய இடம் வேண்டும். இரவில் எல்லா வெளிச்சமும் அணையவேண்டும். குஞ்சாக இருக்கும்போது உயிருள்ள பூச்சிகள் நாளாந்தம். வளர்ந்தபிறகு பெரும்பங்கு இலைவகை. பூச்சிக்கு மேல் கல்சியத் தூள் தூவவேண்டும். ஸ்பினாச்சை நாளாந்தம் போட்டால் அதிலுள்ள ஒக்சலேற் கல்சியத்தைப் பிடித்துவைத்துவிடும். ஆனைக்கொய்யா நஞ்சு. ஒவ்வொரு நாளும் மலத்தை அள்ளித் தொட்டியைத் துடைக்கவேண்டும். இப்படிப் பத்து வருசம். பல்கலைக்கழகம் புகுந்து, முடித்து, வேலை தேடி, வெளிநாடு போக யோசிக்கிற வயது எங்களுடையது. அந்தப் பத்து வருசத்தில் நாங்கள் எங்கே இருப்போம் என்று எங்களுக்கே தெரியாது. கடைசியில் பூச்சி பிடித்துப் போடப்போவது அம்மாதான்.

இனி "இஞ்ச வாங்கலாமோ" என்ற கேள்விக்கு வருவோம். எங்கட வெக்கைக்கு இது சுகமாய் இருக்கும், லைற்றும் தேவையில்லை என்று ஒரு கதை ஓடுகிறது. வெக்கை வேறு, காய்ந்த வெக்கை வேறு. இதுக்குக் காற்றில் ஈரப்பதன் 30 முதல் 40 வீதம் இருந்தால் நல்லது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வருசத்தின் பெரும்பகுதி 70 வீதத்துக்கு மேல் போகிறது. ஈரம் நிலைத்து நின்றால் நெஞ்சில் சளி பிடிக்கும், மூச்சுத் திணறும். அந்த நேரத்தில் ஓணானுக்கு வைத்தியம் தெரிந்த மிருக வைத்தியர் ஒருவரை உங்கள் ஊரில் தேடிப்பாருங்கள். மாடு, ஆடு, நாய் பார்க்கிறவர்களுக்கே நாங்கள் வரிசையில் நிற்கிறோம். கரண்ட் கதையும் இருக்கு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். குமிழ் வெளிச்சத்தையே சூரியனாக நம்பியிருக்கிற ஒரு உயிருக்கு அந்த நாட்களில் என்ன பதில் சொல்லியிருப்போம்? அனுமதி இல்லாமல் வெளிநாட்டு ஊர்வனவற்றைக் கொண்டுவருவது சட்டச் சிக்கல் என்பதையும் விற்கிறவர் சொல்லமாட்டார். பிடிபட்டால் மாட்டுப்படுவது வாங்கினவரும்தான்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அவுஸ்திரேலியா தன் ஊர்வனவற்றை வணிகத்துக்காக உயிரோடு ஏற்றுமதி செய்வதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே தடைசெய்துவிட்டது. அப்படியென்றால் உலகம் முழுக்கத் தொட்டிகளில் இருக்கிற இத்தனை தாடி ஓணான்களும் எங்கிருந்து வந்தன? களவாகக் கொண்டுபோகப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள். இன்று விற்பவை தொட்டியிலேயே பல தலைமுறையாகப் பொரித்தவை, அவற்றை வாங்குவதால் அங்கே காடு குறையாது என்பது சரி. ஆனால் அந்த வழி மூடப்படவில்லை. இப்போது அதே வழியில் போகிறவை எங்கள் நாட்டு ஓணான்கள்.

இலங்கையில் அகாமிடே குடும்பத்தைச் சேர்ந்த இனங்கள் 20க்கும் மேல். பெரும்பாலானவை உலகில் வேறு எங்கும் இல்லை. நக்கிள்ஸ் மலைத்தொடரின் காடுகளில் மட்டும் வாழ்கிற ஒன்றுக்கு மூக்கு நுனியில் இலை ஒட்டினது போல ஒரு சதை இருக்கும். எங்களில் அனேகம் பேர் அதைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் ஐரோப்பியச் சந்தையில் அப்படிப்பட்டவை விலைக்கு வந்தன. "கூண்டில் பொரித்தது" என்ற சீட்டு, கேட்கிறவருக்கு ஒரு திருப்தி. வணிகத்துக்காக இவற்றை ஏற்றுமதி செய்ய இலங்கை அனுமதி கொடுத்ததில்லை என்றால் முதல் சோடி எப்படிப் போனது? அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் சாசனத்தின் 2019 ஜெனீவா மாநாட்டில், இலங்கை கேட்டுக்கொண்டபடி இந்த ஓணான்களில் பல பட்டியலில் சேர்க்கப்பட்டன. இலைமூக்கு ஓணான் அதில் மிகக் கடுமையான முதலாம் பட்டியலில் இருக்கிறது. பட்டியல் விமான நிலையத்தில் வேலை செய்யும். ஆசையை அது ஒன்றும் செய்யாது. ஆசை உண்டாகிற இடம் எங்கட கையில் இருக்கிற போன்.

"மனிசருக்கே ஆயிரம் பிரச்சினை, ஓணானுக்கு ஒரு கட்டுரையோ?" என்று கேட்பவர்கள் வருவார்கள். வரட்டும். காணாமல் போனவர்களுக்காகவும் காணிக்காகவும் எழுதுகிற இதே கைகள்தான் இதையும் எழுதுகின்றன. இதை எழுதியதால் அது குறைந்துபோகவில்லை. சின்ன வயதில் ஈர்க்கில் சுருக்குப் போட்டு வேலி ஓணானைப் பிடித்து, கல்லெறிந்து, மூக்குப்பொடி போட்டு வதைத்த கூட்டத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். இரத்தம் உறிஞ்சும் என்று சொல்லி அதை அடித்தோம். அதே குடும்பத்து வெளிநாட்டுச் சொந்தம் என்றால் மடியில் வைத்துக் கொஞ்சவேண்டும் என்கிறோம். இரண்டிலும் ஓணான் என்ன நினைக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

கேட்பது மூன்றே விசயம். ஏற்கெனவே வைத்திருக்கிற சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தால் இந்தக் கட்டுரையை அனுப்புங்கள். யூவீபிக் குமிழ் எப்போது மாற்றினது, வெயிலுக்கு எப்படிக் கொண்டுபோகிறது என்று விசாரியுங்கள். கோபிப்பார்கள், பரவாயில்லை. இங்கே வாங்க யோசிக்கிறவர்கள் வாங்காதீர்கள். அடுத்தமுறை தோளில் ஓணானோடு யாராவது திரையில் வந்தால், ஆளைப் பார்க்காமல் அதன் தாடியைப் பாருங்கள். கறுத்திருந்தால் லைக் போடாமல் தள்ளிவிட்டுப் போங்கள்.

ஓணான்தான் பார்க்கவேண்டும் என்றால் காலை ஒன்பது மணிக்கு வேலியடிக்குப் போங்கள். கதியாலில் ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருக்கும், தலையை மேலும் கீழும் ஆட்டும், சித்திரை வைகாசியில் என்றால் ஆணின் தொண்டை சிவந்திருக்கும். தொடவேண்டாம். கொஞ்சம் தள்ளி நின்றால் அது தன்பாட்டில் இருக்கும்.