வேற்றூர் ஆதரவாளனுக்கும் ஓரிடம்

நம் கல்லூரியின் யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் என்னைக் கேட்டபொழுது, கல்வியைப் பற்றியோ சமயத்தைப் பற்றியோ நான் எழுதுவேன் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றைப் பற்றி எழுத என்னிலும் வல்லார் பலர் உளர். நான் எழுதப் புகுவது உதைபந்தாட்டத்தைப் பற்றி. அதிலும் பந்தை உதைப்பவனைப் பற்றியன்று. தன் அணி வேற்றூருக்கு ஆடச் செல்லும்போது அதனுடன் தானும் சென்று, பிறர் மைதானத்தின் ஓரத்தில் நின்று, தொண்டை கட்டும்வரை கூவிவிட்டு வீடு திரும்பும் ஆதரவாளனைப் பற்றி. வெற்றிக் கிண்ணத்தில் அவன் பெயர் பொறிக்கப்படுவதில்லை. பரிசளிப்பு விழாவில் அவனை மேடைக்கு அழைப்பாருமில்லை. எனினும், ஒரு கல்லூரியின் பண்பை அறிய விரும்புவோர் அக்கல்லூரி தன் மைதானத்துக்கு வரும் அவனை எவ்வாறு நடத்துகின்றது என்பதைப் பார்த்தாற் போதும் என்பது என் துணிபு.

நான் பிறந்தது உடப்புசல்லாவைப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில். அங்கே சமதரை என்பது கிடைத்தற்கரிய பொருள். மலைச்சரிவெங்கும் தேயிலை, இடையிடையே லயங்கள், பெரட்டுக்களத்திலோ தொழிற்சாலைக்கருகிலோ கையகல நிலம் மட்டமாக இருப்பின் அதுவே எங்களுக்கு விளையாட்டரங்கு. பந்து எல்லை கடந்து உருண்டுவிட்டால், கீழ்மலையிற் கொழுந்தெடுக்கும் தாய்மாருள் ஒருவர் அதனைத் தேடி மேலே எறியும்வரை ஆட்டம் நிற்கும். மூடுபனி இறங்கிவிட்டால் எதிர்ப்பக்கத்துக் கோல் கம்பம் கண்ணுக்குத் தெரியாது. அங்கே எழும் ஆரவாரத்தைக் கொண்டே கோல் விழுந்ததென அறிவோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அயற்றோட்டங்களுக்கு ஆடச் செல்வதுண்டு. அணியினர் பதினொருவர் என்றால் பின்னே செல்வோர் நூற்றுவர். தப்படிப்போர் முன்னே செல்வர்; சிறுவர் தேயிலை மலைக் குறுக்குப் பாதைகளில் ஓடுவர். நாங்கள் போய்ச் சேர்ந்ததும் அத்தோட்டத்தார் சாக்குகளை விரித்து எங்களை இருத்திச் சாயத்தண்ணி தருவர். எங்கள் தப்பு முழங்கி ஓய்ந்த பின்னரே அவர்களுடைய தப்பு முழங்கும். ஆட்டத்தின்போது ஏச்சும் பேச்சும் இல்லாமலில்லை. சில வேளைகளிற் கைகலப்பும் நேர்ந்ததுண்டு. ஆயினும் வந்தவர்களுக்கு இருக்க இடமும் குடிக்க நீரும் இல்லையென்ற பேச்சை நான் ஒருபோதும் கேட்டதில்லை. அவ்வாறு நேர்ந்திருப்பின் அது தோட்டத்துக்கே இழுக்கென்று பெரியோர் கருதியிருப்பர்.

அட்டன் டன்பார் மைதானத்திற் பெரிய போட்டி நடைபெறும் நாளில் உடப்புசல்லாவையிலிருந்து அங்கே போய் வருவது ஒரு யாத்திரைக்கு ஒப்பாகும். இராகலை, கந்தப்பளை, நுவரெலியா, நானுஓயா, தலவாக்கலை, கொட்டகலை என மலைக்கு மலை ஏறி இறங்கல் வேண்டும். உடப்புசல்லாவையின் பெயரைத் தாங்கிய ஒடுங்கிய புகைவண்டிப் பாதையொன்று 1904ஆம் ஆண்டளவில் நானுஓயாவிலிருந்து இராகலை வரை போடப்பட்டது. அது நான் பிறக்குமுன்னரே மூடப்பட்டுவிட்டது. ஆகவே எங்களுக்கு வாய்த்தது பஸ்வண்டி அல்லது லொறியே. தோட்டத்தில் ஒருநாள் வேலையை ஒரு ‘பேர்’ என்பர். அந்தப் பேரையும் இழந்து, வண்டிக் கூலியும் கொடுத்து, குளிரில் நடுங்கிக்கொண்டு நள்ளிரவில் லயம் திரும்பிய தொழிலாளரை நான் அறிவேன். தம் அணி தோற்ற நாளிலும் அவர்கள் அடுத்த போட்டி எப்போதென்றே கேட்டனர். ஆதரவென்பது யாதென நான் கற்றது அவர்களிடமே.

இனி, நம் கல்லூரிக்கு வருவேன். விடுதிச்சாலையில் தங்கி நான் இங்கே பயின்றது 1970ஆம் ஆண்டுகளில். கல்லூரி எனக்கு அளித்தவற்றை எண்ணின் இம்மலர் முழுவதும் போதாது. ஆனால் ஒன்றை நான் மறைத்தலாகாது. ஒருமுறை அயலூர்ப் பாடசாலையொன்றுக்கு நம் அணி ஆடச் சென்றது. மாணவர் கூட்டத்துள் நானும் இருந்தேன். எதிரணியின் பந்துக்காப்பாளன் ஏழை வீட்டுப் பிள்ளை. அவன் தந்தையின் தொழிலைச் சொல்லி எம்முள் ஒருவன் கூவினான். ஏனையோர் அதனைப் பாட்டாக்கினர். நானும் சேர்ந்து பாடினேன். அடுத்து வந்த பந்து அவன் கைகளுக்கிடையே நழுவிக் கோலாயிற்று. நாங்கள் துள்ளினோம். திரும்பி வரும் வழியில் எவரும் அதனைத் தவறென்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவருள் நானும் ஒருவன். தேயிலைக் கூடையைச் சுமந்த தாயின் மகன் நான்.

அக்காலத்தில் என் தோட்டத்து அணியே கலைந்துகொண்டிருந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எம்மவரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியிருந்தது. 1964ஆம் ஆண்டின் சிறீமா - சாஸ்திரி ஒப்பந்தம் எம்மை இரு நாடுகளுக்குமாகப் பங்கிட்டது. விடுமுறைக்கு நான் வீடு செல்லுந்தோறும் உடன் ஆடியோருள் ஒருவரேனும் தலைமன்னாரிற் கப்பலேறியிருப்பர். 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் எஞ்சியிருந்தோரின் குடியுரிமைக் குறை பெரும்பாலும் தீர்ந்தது. தலைமுறை தலைமுறையாக உழைத்த மண்ணில் ‘வந்தவர்’ என்றே அழைக்கப்பட்ட மக்கள் நாங்கள். வேற்றூர் மைதானத்தில் நிற்பவனின் நிலை எமக்குப் புதியதன்று.

போர் முடிந்த 2009ஆம் ஆண்டிற்குச் சில ஆண்டுகள் கழித்து, நான் கற்பித்த மலையகப் பாடசாலையின் அணி நம் கல்லூரி அணியுடன் மோத நேர்ந்தது. போட்டி நம் கல்லூரி மைதானத்தில். மாணவர் நாற்பதின்மருடனும் பெற்றோர் சிலருடனும் இரவெல்லாம் பயணஞ்செய்து வந்தேன். பழைய மாணவர் கழுத்துப்பட்டியை நான் அணிந்திருந்தேன். ஆயினும் அமர்ந்தது எதிர்ப்பக்கத்தில். என்னை வளர்த்த அணியும் நான் வளர்த்த அணியும் எதிரெதிரே நிற்கக் கண்ட மகிழ்ச்சியில் அன்று காலை எனக்குப் பசியே தோன்றவில்லை.

கல்லூரி மாணவர் கூரையிட்ட கொட்டகையில் இருந்தனர். எமக்குக் காட்டப்பட்ட இடம் கோல் கம்பத்துக்கு அப்பால் நிழலற்ற மூலை. தண்ணீர்க் குழாய் பூட்டிய கதவுக்கு உட்புறத்தில் இருந்தது. எம்முடன் வந்த மாணவியர் மலசலகூடம் தேடி, அயலிலிருந்த அம்மையார் ஒருவரின் வீட்டுப் படலையைத் தட்ட வேண்டியதாயிற்று. மலைக்குளிருக்குப் பழகிய பிள்ளைகள் வெயிலில் வாடினர். இவை கவனக்குறைவால் நேர்ந்தவை என்று கொள்ளலாம். இரண்டாம் பாதியில் எம் அணி ஒரு கோல் போட்டதும் கொட்டகையிலிருந்து எழுந்த சொல்லை அவ்வாறு கொள்வதற்கில்லை. ‘தோட்டக்காட்டான்’ என்பதே அச்சொல். ஒருவன் தொடங்கினான், பலர் தொடர்ந்தனர். என்னருகே இருந்த மாணவன் என் கழுத்துப்பட்டியைப் பார்த்து, “சேர், இதுவா நீங்கள் படித்த பள்ளிக்கூடம்?” என்று கேட்டான். நான் வாய் திறக்கவில்லை. நான் பாடிய பழைய பாட்டு அப்போது என் செவியில் ஒலித்தது.

இரண்டுக்கொன்று என்ற கணக்கில் நாங்கள் தோற்றோம். புறப்படும் வேளையில் நம் கல்லூரி அணியைச் சேர்ந்த இளைஞன் ஒருவன், வியர்வை உலராத மேனியோடு, இரண்டு வாளி தண்ணீருடன் பஸ்வண்டிக்கு வந்தான். “மன்னித்துக்கொள்ளுங்கள்” என்று மட்டுமே சொன்னான். அந்தச் சொல்லையும் இந்தத் தண்ணீரையும் என் மாணவர் இன்றும் சேர்த்தே சொல்லுவர்.

இத்தகைய தொல்லைகளுக்கு அஞ்சி, வேற்றூர் ஆதரவாளரை அனுமதியாதிருத்தலே நன்று என்று கூறுவாருளர். உலகின் சில நாடுகள் அதனையும் செய்து பார்த்தன. ஆர்ஜெந்தீனாவில் 2013ஆம் ஆண்டில் வேற்றணி ஆதரவாளருக்குத் தடை விதிக்கப்பட்டது. இந்தோனேசியாவின் மலாங் மாவட்டத்திலுள்ள கஞ்சுருகான் அரங்கில் 2022ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந்திகதி நடைபெற்ற போட்டிக்கும் எதிரணியின் ஆதரவாளர் அனுமதிக்கப்படவில்லை. அன்று உள்ளூர் அணி தோற்றது. உள்ளூர் மக்களே மைதானத்துள் இறங்கினர். பொலிசார் கண்ணீர்ப்புகை வீசினர். ஒடுங்கிய வாயில்களில் நெரிபட்டும் மூச்சுத்திணறியும் 135 பேர் மாண்டனர். விருந்தினன் ஒருவனும் இல்லாத வீட்டில் நேர்ந்த துயர் அது. வந்தவனை விலக்கியதால் அரங்கு காப்புப் பெறவில்லை.

இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆந்திகதி நிகழ்ந்ததும் நினைக்கத்தக்கது. செவ்வீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்பூல், நொட்டிங்காம் பொரஸ்ட் ஆகிய இரு அணிகளும் ஆடின. இரண்டுக்கும் அது பிறர் மைதானம். கம்பிவேலியிட்ட அடைப்புக்குள் அளவின்றி ஆட்கள் விடப்பட்டமையால் லிவர்பூல் ஆதரவாளர் 97 பேர் உயிரிழந்தனர். குடித்துவிட்டு வந்து குழப்பம் செய்தார்களெனப் பழி இறந்தோர்மீதும் உடன் வந்தோர்மீதுமே சுமத்தப்பட்டது. அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்றும், ஆதரவாளரின் நடத்தை அதற்குக் காரணமன்று என்றும் மரண விசாரணையில் யூரிமார் தீர்ப்புக் கூறியது 2016ஆம் ஆண்டில். இருபத்தேழு ஆண்டுகள்! வெளியூரான் என்றாலே தொல்லை என முன்கூட்டித் துணிந்துவிட்டால், அவன் உயிர் போகும்போதும் அவன்மீதே குற்றம் காணும் கண்ணே நமக்கு வாய்க்கும்.

அதே நாட்டில் நற்செய்தியும் உண்டு. அங்குள்ள முதன்மைக் கழகங்களின் பிறீமியர் லீக் போட்டிகளில் வேற்றூர் ஆதரவாளருக்கென 3,000 இருக்கைகள், சிறிய அரங்காயின் பத்திலொரு பங்கு, ஒதுக்கப்படுதல் விதி. 2016ஆம் ஆண்டிலிருந்து அவர்களுக்குரிய சீட்டின் விலை 30 பவுணுக்கு மேற்படலாகாதென்ற வரம்பும் வந்தது. ஆதரவாளர் ஒன்றுகூடிக் கேட்டுப் பெற்ற உரிமை அது. பெருஞ்செல்வம் புரளும் அக்கழகங்களே வந்தவனுக்கு இடம் வைத்தல் ஆட்டத்தின் ஒரு பகுதியென ஒப்புக்கொண்டுள்ளன. அவன் குரல் இன்றேல் ஆரவாரம் ஒருபக்கத்து ஓசையாய்விடும்.

உரிமை பெறுபவனுக்குக் கடமையும் உண்டு. 1998ஆம் ஆண்டில் பிரான்சில் நடந்த உலகக் கிண்ணப் போட்டி முதலாக, யப்பானிய ஆதரவாளர் ஆட்டம் முடிந்ததும் தாம் இருந்த இடத்தைத் துப்புரவாக்கிவிட்டுச் செல்வதை உலகம் கண்டு வருகின்றது. 2022ஆம் ஆண்டு கட்டாரில் தம் நாடு ஆடாத போட்டியின் பின்னரும் அவர்கள் குப்பை பொறுக்கினர். எம் பிள்ளைகளுக்கும் நான் அதனையே சொல்லுவேன்: உன் அணிக்காக உரக்கக் கூவு, எதிரணியின் நல்ல ஆட்டத்துக்குக் கை தட்டு, மத்தியஸ்தரை ஏசாதே, நீ இருந்த இடத்தை வந்தபோதிருந்ததினும் நன்றாக வைத்துவிட்டுப் போ.

யூபிலி கொண்டாடும் இவ்வேளையில் நம் கல்லூரிச் சமூகத்தினரிடம் நான் வேண்டுவன சிலவே. மைதானத்தில் வந்தவர்க்கெனக் கூரையுள்ள இடமொன்று அமைக. குடிநீரும் மலசலகூடமும் அவர்களுக்குத் திறந்திருக்க. மாணவர் தலைவர் வாயிலில் நின்று அவர்களை வரவேற்க. ஊரையோ குலத்தையோ பெற்றோரின் தொழிலையோ சொல்லி இகழும் கூச்சலை, ஆட்டக்காரன் காலால் இழைக்கும் தவறினும் பெரிய தவறாக அதிபரும் ஆசிரியரும் கொள்க. கூரைக்குப் பணம் ஏது எனின், இவ்விழாவின் தோரணங்களுக்கும் விருந்துக்கும் ஆகும் செலவில் ஒரு பங்கு போதும் என்பேன். ஏனையவற்றுக்குப் பணமே வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று. ஆண்டுக்கொருமுறையேனும் நம் கல்லூரி அணி மலைநாட்டுக்கு ஆடச் செல்லல் வேண்டும். அணியுடன் ஒரு பஸ்வண்டி நிறைய மாணவரும் செல்லல் வேண்டும். வந்தவனாய் நிற்பது எத்தகையதென்பதை அவர்கள் நூலிற் கற்றல் இயலாது. பிறர் மைதானத்தில், எண்ணிக்கையிற் குறைந்து, குளிரில் நடுங்கி, தம் குரலொன்றையே துணையாகக் கொண்டு நின்றால் அது தானே விளங்கும். எனக்கும் அது பிந்தியே விளங்கிற்று.

அன்று என் மாணவன் கேட்ட கேள்விக்கு இன்னும் நான் விடை கூறவில்லை. அதனைக் கூற வேண்டியவர் இம்மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள். உடப்புசல்லாவைக்கு வாருங்கள். எதிரணியாகவே வாருங்கள். ஆடி மாதத்தில் வருவீராயின் காற்றுப் பலமாக வீசும். பந்து அடிக்கடி தேயிலைக்குள் உருளும். நீங்கள் இருக்கச் சாக்கு விரித்திருப்போம். சாயத்தண்ணி சூடாக இருக்கும். உங்கள் ஆரவாரம் ஓய்ந்த பின்னரே எங்கள் தப்பு முழங்கும்.